டாக்டரிடம் ‘கேஸ்ட்ரிக்’ என்று சொல்லாதீர்கள்: பிடிபடாத வயிற்றுவலிக்குக் காரணம் தேடுவது எப்படி

மலேசியாவின் பினாங்கில் யாரிடமாவது வயிறு வலிக்கிறது என்று சொல்லிப் பாருங்கள். சொல்லி முடிப்பதற்குள் பதில் வரும்: “கேஸ்ட்ரிக்கா இருக்கும்.” மாமாக் கடையில் தே தாரே என்ற பால் டீ ஆற்றுகிறவர் சொல்வார், மாடிப்படியில் எதிர்ப்படும் அக்கா சொல்வார், மாமியார் அடித்தே சொல்வார். நானும் இரண்டு வருடம் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தேன். பட்டர்வொர்த்திலும் தீவிலுமாக ஆறு கிளினிக். உள்ளே போய் உட்கார்ந்ததுமே “டாக்டர், கேஸ்ட்ரிக்” என்பேன். அவரும் கேஸ்ட்ரிக் மருந்து எழுதுவார். கேட்டதைத்தான் கொடுத்தார்கள், அவர்களை எப்படிக் குறை சொல்வது?

கேஸ்ட்ரிக் என்பது ஒரு நோயின் பெயரே இல்லை. ‘இரைப்பையைச் சேர்ந்தது’ என்பதற்குமேல் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் கிடையாது. நாம் அதைச் சொல்லிவிட்டால் டாக்டரின் கவனமும் அந்தப் பக்கமே திரும்பிவிடுகிறது. பித்தப்பை, கணையம், பெருங்குடல், கர்ப்பப்பை, வயிற்றுச் சுவரின் தசை எல்லாம் கணக்கில் வராமல் போய்விடுகின்றன. மூன்று மாதத்துக்கு மேலாக விட்டு விட்டு வருகிற, அல்லது விடாமல் இருக்கிற வலியோடு அலைபவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. வரிசையில் நிறைய நேரம் உட்கார்ந்த அனுபவம் மட்டும் உண்டு.

வரிசையில் நிற்கக் கூடாத வலி

திடீரென்று தாங்க முடியாத வலி வந்தாலோ, வயிறு பலகை மாதிரி விறைத்துக்கொண்டாலோ, ரத்த வாந்தி வந்தாலோ, மலம் தார் போலக் கறுத்து ஒட்டினாலோ, வலியோடு மயக்கம் வந்தாலோ 999-ஐ அழையுங்கள், இல்லையென்றால் நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள். கர்ப்பமாக இருப்பவர்கள், இருக்கலாம் என்று சந்தேகப்படுபவர்கள் கடுமையான அடிவயிற்று வலியை ஒரு மணி நேரம்கூடப் பொறுக்கக் கூடாது.

நம் வீடுகளுக்கென்று இன்னொன்றும் உண்டு. இனிப்பு நீர், அதாவது நீரிழிவு உள்ளவர்களுக்கு மாரடைப்பு சில சமயம் நெஞ்சுவலியாக வராது. நெஞ்சுக்குழியில் எரிச்சலாக, குமட்டலாக, வியர்வையாக வரும். நாற்பதைத் தாண்டிய ஒருவருக்கு, அதுவும் நடந்தால் கூடி உட்கார்ந்தால் குறைகிற மேல்வயிற்று வலி இருந்தால், முதலில் இசிஜி எடுத்துவிட வேண்டும். வயிற்றை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

உயிருக்கு உடனே ஆபத்தில்லை, ஆனால் தள்ளிப்போடவும் கூடாது என்கிற அறிகுறிகளும் இருக்கின்றன: முயற்சி செய்யாமலே எடை குறைவது, மலத்தில் ரத்தம், ரத்தச் சோகை, விழுங்கச் சிரமம், ஓயாத வாந்தி, தூக்கத்திலிருந்து எழுப்பிவிடுகிற வலி, மாலைக் காய்ச்சலும் இரவு வியர்வையும், கண் மஞ்சளாவது, கையில் தட்டுப்படும் கட்டி, ஐம்பதை நெருங்கும்போது முதல்முறையாகத் தொடங்கிய வலி, அப்பா அம்மா உடன்பிறந்தவர்களில் யாருக்காவது குடல் புற்றுநோய். இவற்றில் ஒன்று இருந்தாலும் டாக்டரிடம் எடுத்த எடுப்பில் சொல்லுங்கள். கதையின் நடுவில் நழுவவிடாதீர்கள்.

இரண்டு வாரம், ஒரு நோட்டு

கிளினிக்குக்குப் போகுமுன் பத்துக் காசு செலவில்லாத ஒரு வேலை இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளின் நோட்டு ஒன்றை எடுத்து, இரண்டு வாரம் வலி வரும்போதெல்லாம் எழுதுங்கள். போனில் எழுதலாம்தான், ஆனால் ஐந்து நிமிடம் மட்டுமே ஒதுக்கக்கூடிய டாக்டரிடம் போனைத் தள்ளித் தள்ளிக் காட்டுவதைவிட ஒரு பக்கத்தைத் திறந்து வைப்பது எளிது. என் நோட்டில் ஒரு நாள் இப்படி இருக்கிறது:

“செவ்வாய், காலை 10.20. தொப்புளுக்கு வலப்பக்கம் மூன்று விரல் தள்ளி, கொஞ்சம் கீழே. குத்தல். பத்துக்கு ஆறு. துணிக்கூடையைத் தூக்கினேன். பசியாறியது 7.30, ரொட்டி சானாய் இரண்டு, பருப்புக் கறி. வெளிக்குப் போனது சாதாரணம். உட்கார்ந்து அரை மணியில் தணிந்தது. மாத்திரை போடவில்லை.”

இதில் எந்த வரி முக்கியம் என்று அப்போது எனக்குத் தெரியாது. தெரியாததால்தான் எல்லாவற்றையும் எழுத வேண்டியிருக்கிறது. இடம், நேரம், சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, எவ்வளவு நேரம் நீடித்தது, எதனால் கூடியது, எதனால் குறைந்தது, வெளிக்குப் போனதும் மாறியதா, பெண்களுக்கு மாதவிடாயின் எத்தனையாவது நாள். மலத்தின் தன்மையைச் சொல்ல வெட்கப்படுகிறவர்களுக்காகவே பிரிஸ்டல் அட்டவணை என்று ஒன்று இருக்கிறது. 1 என்றால் ஆட்டுப் புழுக்கை, 4 என்றால் வழவழப்பான வாழைப்பழம், 7 என்றால் வெறும் தண்ணீர். எண்ணை மட்டும் எழுதினால் போதும், டாக்டருக்குப் புரிந்துவிடும்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் விழுங்குகிற எல்லாவற்றையும் பட்டியல் போடுங்கள். இதில்தான் பலருடைய விடை ஒளிந்திருக்கிறது. மூட்டுவலிக்கும் தலைவலிக்கும் போடுகிற டிக்லோஃபெனாக், மெஃபனாமிக் ஆசிட் போன்றவை இரைப்பையைப் புண்ணாக்கும். இனிப்பு நீருக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் பலருக்கு வயிற்றைப் பிசைந்து பேதியாக்கும். மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றினாலே சிலருக்குச் சரியாகிவிடும். இரும்புச் சத்து மாத்திரை மலத்தைக் கறுப்பாக்கும், மலச்சிக்கலையும் தரும்.

ஜாமு என்ற மலாய் மூலிகை மருந்து, சீன மருந்துக்கடைப் பொட்டலம், ஊரிலிருந்து வந்த பஸ்பம், செந்தூரம் எல்லாமே பட்டியலில் வர வேண்டும். உலோகம் சேர்த்துத் தயாரிக்கும் சில மருந்துகளில் ஈயம் இருந்து, அதனாலேயே மாதக்கணக்கில் வயிறு வலித்தவர்கள் உண்டு. ஒரு ரத்தப் பரிசோதனையில் அது தெரிந்துவிடும், ஆனால் நீங்கள் சொன்னால்தான் அந்தப் பரிசோதனை எழுதப்படும். பெட்டியில் ‘எம்ஏஎல்’ என்று தொடங்கும் பதிவு எண் இல்லாத மருந்து என்றால் பெட்டியையே கையில் எடுத்துக்கொண்டு போங்கள். குடிப்பழக்கமும் அப்படித்தான். நெஞ்சுக்குழியில் தொடங்கி முதுகுக்குப் பாய்கிற வலிக்கும் சம்சு என்ற மலிவுச் சாராயத்துக்கும் இடையில் கணையம் இருக்கிறது. மனைவி பக்கத்தில் இருக்கிறார் என்று மறைத்தால் வைத்தியம் தப்பாகப் போகும்.

குத்துதா, முறுக்குதா, எரியுதா

தமிழில் வலிக்கு எத்தனை சொற்கள்! குத்தல், குடைச்சல், எரிச்சல், பிசைதல், முறுக்குதல், சுருக்கென்று இழுத்தல், கல் வைத்த மாதிரி கனத்தல். எதிரே இருக்கும் டாக்டருக்குத் தமிழ் தெரியாதபோது இத்தனையையும் ‘சாக்கிட் பெருட்’ (வயிற்றுவலி) என்ற இரண்டு மலாய்ச் சொல்லில் கொட்டிவிட்டு வருகிறோம். அம்மாவைக் கூட்டிப்போனபோது அவர் பத்து நிமிடம் எனக்கு விவரித்ததை நான் ‘பெய்ன்’ என்று ஒரே சொல்லில் டாக்டருக்குச் சொன்னேன். இன்றைக்கும் அதை நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

வலியின் குணத்தை வைத்தே டாக்டரால் பாதி உறுப்புகளை ஒதுக்க முடியும். முறுக்கிப் பிழிந்துவிட்டு, விட்டு விட்டு வரும் வலி பெரும்பாலும் குழாய் வடிவ உறுப்புகளிலிருந்து வருவது: குடல், சிறுநீர்க் குழாய். நெய்ச்சோறோ நாசி கண்டாரோ சாப்பிட்ட பிறகு வலது விலாவுக்குக் கீழே பிடித்து, ஏறி, மணிக்கணக்கில் நின்று, தோள்பட்டைக்குப் பின்னால் போனால் பித்தப்பைக் கல்லை நினைக்கலாம். ஆகவே சொற்களைத் தயாராக வைத்திருங்கள். முறுக்குவது மலாயில் மெமுலாஸ். எரிவது பெடிஹ். குத்துவது மென்ச்சுச்சுக். அடைத்துக் கனப்பது செனாக். உப்புசம் கெம்போங். நெஞ்சுக்குழிக்கு உலு ஹாத்தி என்பார்கள். ‘ஹாத்தி’ என்று வருகிறதே, கல்லீரலா என்று குழம்ப வேண்டாம்.

‘காத்துப் பிடிச்சிருக்கு’ என்பதை மட்டும் அப்படியே மொழிபெயர்க்காதீர்கள். நமக்கு அது முதுகிலும் தோளிலும் ஓடுகிற வலி. காத்துக்கு மலாயில் அங்கின்; டாக்டருக்கு அங்கின் என்றால் குடலில் வாயு.

எந்தக் கதவை முதலில் தட்டுவது

தனியார் மருத்துவமனையில் நேரே நிபுணரிடம் போய் உட்கார்ந்துவிடலாம். மேடானிலிருந்தெல்லாம் வைத்தியத்துக்கு ஆள் வருகிற ஊர் பினாங்கு, நிபுணர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் குடல் நிபுணர் குடலைப் பார்ப்பார், பெண்கள் நல நிபுணர் கர்ப்பப்பையைப் பார்ப்பார். எந்த உறுப்பு என்றே தெரியாத வலிக்கு முதலில் முழு ஆளையும் பார்க்கிற ஒருவர் வேண்டும். அரசாங்க கிளினிக் கெசிஹாத்தானை நான் சொல்வதற்குக் காரணம் காசு மட்டும் இல்லை. குடிமக்களுக்கு 1 வெள்ளி (ரிங்கிட்) தான், உண்மை. அதைவிட, பல கிளினிக்குகளில் குடும்ப மருத்துவ நிபுணர் ஒருவர் இருப்பார், அவரைப் பார்க்க வேண்டும் என்று கேட்கலாம். மைசெஜாத்ரா செயலியில் தெமுஜன்ஜி, அதாவது முன்பதிவு போட்டுக்கொண்டு போனால் காலை ஆறரைக்கே போய் நம்பர் எடுக்கும் கொடுமை இல்லை.

பழகிய தனியார் கிளினிக் டாக்டர் இருந்தால் அவரும் போதும். ஒரே ஆளிடம் திரும்பத் திரும்பப் போவதுதான் முக்கியம். நான் செய்த பெரிய தப்பு, மருந்து ஒரு வாரத்தில் கேட்கவில்லையென்றால் வேறு கிளினிக்குக்கு மாறியது. ஆறு டாக்டர்களும் எனக்கு முதல்நாள் வைத்தியம்தான் பார்த்தார்கள். இரண்டாம் முறை போயிருந்தால் முதல் மருந்து கேட்கவில்லை என்பதே ஒரு தகவலாகியிருக்கும்.

நிபுணருக்கு அனுப்பும்போது கையில் கிடைக்கும் சூராட் ருஜுக்கானை, அதாவது பரிந்துரைக் கடிதத்தை வாங்கிப் பைக்குள் வைக்காமல் படித்துப் பாருங்கள். பெரிய ஆஸ்பத்திரியில் உங்களுக்கு அடுத்த வாரமா, ஐந்து மாதம் கழித்தா என்பதை அந்தக் கடிதம்தான் தீர்மானிக்கிறது. எட்டுக் கிலோ இளைத்திருக்கிறீர்கள், கடிதத்தில் வெறுமனே ‘வயிற்றுவலி’ என்று இருந்தால், “எடை குறைந்ததையும் சேர்த்து எழுதுங்கள் டாக்டர்” என்று கேளுங்கள். ஜார்ஜ்டவுனில் ஜாலான் ரெசிடென்சியில் இருக்கும் பினாங்கு மருத்துவமனையானாலும் கோலாலம்பூர் பொது மருத்துவமனையானாலும், அரசாங்கத்தில் நிபுணரைப் பார்க்கக் குடிமக்களுக்கு வழக்கமான கட்டணம் 5 வெள்ளி. காலம்தான் செலவாகும்.

மெடிக்கல் கார்டு, அதாவது மருத்துவக் காப்புறுதி வைத்திருப்பவர்கள், எடுத்த பிறகு எத்தனை நாள் கழித்துச் செலவை ஏற்பார்கள் என்ற காத்திருப்புக் காலத்தை முதலில் பாருங்கள். பித்தப்பைக் கல் போன்ற குறிப்பிட்ட சில நோய்களுக்குப் பெரும்பாலான கார்டுகளில் 120 நாள்.

பரிசோதனைகள், அவற்றைக் கெடுக்கும் சின்னத் தப்புகள்

முதல் சுற்றில் ரத்த எண்ணிக்கை, அழற்சியைக் காட்டும் சிஆர்பி, கல்லீரல், சிறுநீரகம், சர்க்கரை, கால்சியம், தைராய்டு, சிறுநீர், பிள்ளைபெறும் வயதுப் பெண்களுக்குக் கர்ப்பப் பரிசோதனை எல்லாம் வரும். மலத்தில் மறைந்திருக்கும் ரத்தத்தைப் பார்க்கும் சோதனை 50 முதல் 75 வயது வரையுள்ளவர்களுக்கு வலியே இல்லாவிட்டாலும் அரசாங்க கிளினிக்கில் செய்கிறார்கள். இளைஞர்களுக்கு நாள்பட்ட பேதியும் வலியும் இருந்தால் கேல்புரொடெக்டின் என்ற மலப் பரிசோதனையைப் பற்றிக் கேளுங்கள். குடலில் உண்மையான அழற்சி இருக்கிறதா, குடல் உணர்ச்சிவசப்படுகிறதா என்று பிரித்துச் சொல்ல உதவும்.

எச். பைலோரி என்ற இரைப்பைக் கிருமியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இரைப்பைப் புண்ணுக்குக் காரணம் காரமும் கவலையும் என்று உலகமே நம்பிக்கொண்டிருந்தபோது, ஒரு கிருமிதான் காரணம் என்றார்கள் ஆஸ்திரேலியாவின் பேரி மார்ஷலும் ராபின் வாரனும். யாரும் நம்பாததால் 1984-இல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்துக் காட்டினார். 2005-இல் இருவருக்கும் நோபல் கிடைத்தது. மலேசியாவில் இந்தக் கிருமி மலாய்க்காரர்களிடம் குறைவு, நம்மிடமும் சீனர்களிடமும் அதிகம். பைக்குள் ஊதுகிற மூச்சுப் பரிசோதனையிலேயே தெரிந்துவிடும். ஒன்றிரண்டு வாரம் ஆன்டிபயாட்டிக் சேர்த்துச் சாப்பிட்டால் பெரும்பாலும் போய்விடும். ஆனால் ஒமிப்ரசோல் வகை மாத்திரையைப் போட்டுக்கொண்டே ஊதினால் கிருமி இருந்தும் இல்லை என்று வரலாம். அந்த மாத்திரையை இரண்டு வாரம், ஆன்டிபயாட்டிக்கை நான்கு வாரம் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தலாமா என்று டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் நிறுத்த வேண்டும்.

வயிற்று அல்ட்ராசவுண்டுக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் வெறும் வயிறு. காலையில் ஒரே ஒரு தே தாரே என்று குடித்துவிட்டுப் போனால் பித்தப்பை சுருங்கிவிடும், கல் இருந்தாலும் சரியாகத் தெரியாது. இந்த ஸ்கேன் பித்தப்பைக்கும் கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லது. குடலின் உள்ளே என்ன இருக்கிறது என்று அதனால் பார்க்க முடியாது. “ஸ்கேன் நார்மல், அதனால் குடலில் ஒன்றுமில்லை” என்று நினைத்துவிடாதீர்கள்.

கேமரா வைத்த குழாயை உள்ளே விட்டுப் பார்க்கும் ஸ்கோப் இரண்டு வகை. வாய் வழியே போவதை இங்கே ஓஜிடிஎஸ் என்பார்கள். தொண்டையில் மரத்துப்போகும் மருந்தை அடித்து, பத்து நிமிடத்துக்குள் முடித்துவிடுவார்கள். குமட்டும், அவ்வளவுதான். பின்வழியே போகிற கொலோனோஸ்கோப்பியில் கஷ்டம் முந்தின நாளில் இருக்கிறது. லிட்டர் கணக்கில் மருந்துத் தண்ணீர் குடித்துக் குடலைக் கழுவ வேண்டும். மிஸ்ஸி (நர்ஸ்) தெளிந்த பானம் மட்டும் என்று சொல்லியிருப்பார். ரோஸ் சிராப் தெளிந்ததாகத் தெரிந்தாலும் கூடாது. சிவப்பு நிறம் உள்ளே ரத்தம் மாதிரித் தெரியும். கீரையும் விதையுள்ள பழங்களும் இரண்டு மூன்று நாள் முன்பே நிற்க வேண்டும். குடல் சுத்தமாகவில்லையென்றால் இன்னொரு நாள் மறுபடி முதலிலிருந்து.

“எல்லாம் நார்மல்” என்றால்

எனக்கு அப்படித்தான் வந்தது. இரண்டு அல்ட்ராசவுண்ட், இரண்டு ஸ்கோப், ஒரு சிடி ஸ்கேன். எல்லாம் நார்மல். ஒரு தனியார் மருத்துவமனையில் அறிக்கையை மூடி வைத்துவிட்டு, “வீட்டில் ஏதும் பிரச்சினையா?” என்று கேட்டார் ஒருவர். அழுகை வந்துவிட்டது. தான் கேட்டது சரி என்று அவர் நினைத்துக்கொண்டார்.

பிறகு ஓர் அரசாங்க கிளினிக்கில் நோட்டைத் திறந்து வைத்தேன். அந்தப் பெண் டாக்டர் இரண்டு பக்கம் புரட்டினார். துணிக்கூடை என்ற இடத்தில் விரலை வைத்தார். அடுத்த பக்கத்தில் ‘கட்டிலிலிருந்து எழும்போது’, அதற்கடுத்து ‘தும்மியபோது’. சாப்பாட்டோடும் மலத்தோடும் வலிக்குச் சம்பந்தமே இல்லை. “ஒரே விரலால் இடத்தைக் காட்டுங்கள்” என்றார். காட்டினேன். படுக்கவைத்து அதே இடத்தில் அவர் விரலை அழுத்திக்கொண்டு, தலையையும் தோளையும் மட்டும் தூக்கச் சொன்னார். தூக்கினேன், கத்திவிட்டேன்.

உள்ளுறுப்பில் வலி என்றால் தசை இறுகும்போது அது கவசமாகி வலி குறையும். தசை இறுகும்போது வலி கூடினால் கோளாறு வயிற்றுச் சுவரிலேயே இருக்கலாம். 1926-இல் கார்னெட் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் எழுதிய சோதனை இது. கருவி எதுவும் வேண்டாம். வயிற்றுத் தசையின் ஓரத்தில் தோலுக்கு வருகிற ஒரு நரம்பு மாட்டிக்கொண்டிருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் அந்த இடத்தில் மரத்துப்போகும் ஊசி போட்ட சில நிமிடங்களில் வலி நின்றது. அதுவே நோய் இன்னது என்பதற்கும் சாட்சி. இன்னும் இரண்டு ஊசி தேவைப்பட்டது.

எல்லாருக்கும் இதுதான் என்று சொல்லவில்லை. பெரும்பாலோருக்கு இது இருக்காது. என் ஸ்கேன்கள் பொய் சொல்லவில்லை. உள்ளே நிஜமாகவே எல்லாம் நன்றாக இருந்தது. நார்மல் என்று வந்தால் டாக்டரிடம் கேட்க வேண்டியது, “அப்படியானால் எவையெல்லாம் இல்லை என்று முடிவாகிவிட்டது, எவை இன்னும் பார்க்கப்படவில்லை?”

பார்க்கப்படாமல் விடுபடுவதில் பெண்களின் வலிதான் முதலிடம். எண்டோமெட்ரியோசிஸ், அதாவது கர்ப்பப்பையின் உட்சுவர் போன்ற திசு வெளியே வளர்வது, பிள்ளைபெறும் வயதுப் பெண்களில் பத்தில் ஒருவருக்கு இருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மாதவிடாயின்போது சுருண்டு படுக்கவைக்கிற வலி, அந்த நாட்களில் வெளிக்குப் போகும்போது வலி, தாம்பத்தியத்தில் வலி இருந்தால் பெண்கள் நல நிபுணருக்குக் கடிதம் கேளுங்கள். சாதாரண ஸ்கேனில் தெரியாமல் போகலாம். பதினேழு வயதுப் பெண் மாதம் மூன்று நாள் பள்ளிக்குப் போகாமல் கிடக்கிறாள், வீட்டில் “கல்யாணம் ஆனா சரியாயிடும்” என்கிறார்கள். எத்தனை வீட்டில் இதைக் கேட்டிருக்கிறேன்! அந்தப் பெண்ணைத் தனியாக டாக்டரிடம் பேச விடுங்கள். அம்மா வெளியே உட்காரட்டும்.

பாலும் பார்க்க வேண்டியது. ஆசியர்களில் பெரும்பாலோருக்கு வளர்ந்த பிறகு பால் சர்க்கரை சரியாகச் செரிக்காது. இரண்டு வாரம் தே தாரேயை விட்டுப் பால் சேர்க்காத தே ஓ குடித்துப் பாருங்கள், நோட்டே சொல்லிவிடும்.

இதையெல்லாம் தாண்டியும் வலி, வாரத்தில் ஒரு நாளாவது, மூன்று மாதமாக, வெளிக்குப் போவதோடு சேர்ந்து கூடியோ குறைந்தோ மலத்தின் தன்மையும் மாறிக்கொண்டே இருந்தால், அது ஐபிஎஸ், அதாவது எரிச்சல் குடல் நோயாக இருக்கலாம். ஒன்றும் கிடைக்காததால் ஒட்டுகிற பெயர் இல்லை இது. 2016-இல் வெளிவந்த ரோம் 4 அளவுகோலின்படி அறிகுறிகளை வைத்தே உறுதி செய்கிற நோய். குடலும் மூளையும் பேசிக்கொள்ளும் நரம்புகள் சின்னச் சேதியையும் பெரிதாக்கிச் சொல்கின்றன. வெங்காயம், பூண்டு, பருப்பு, கோதுமை சிலருக்குத் தூண்டும். நம் சமையலில் இவற்றை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன என்று கேட்பீர்கள். ஆயுள் முழுக்க இல்லை. உணவியலாளர் சொல்படி சில வாரம் நிறுத்தி, ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து, எது எதிரி என்று கண்டுபிடிப்பதுதான் முறை.

அமிட்ரிப்டிலின் என்று எழுதித் தந்தால் “என்னைப் பைத்தியம் என்று நினைத்துவிட்டாரா” என்று குப்பையில் போடாதீர்கள். மனச்சோர்வுக்கான பழைய மருந்துதான், ஆனால் மிகக் குறைந்த அளவில் வயிற்றின் வலி நரம்புகளை அடக்கும். ஐபிஎஸ் உள்ளவர்களுக்கு அது உதவுகிறது என்று 2023-இல் வெளியான பெரிய பிரிட்டிஷ் ஆய்வும் காட்டியது. பலன் தெரியச் சில வாரமாகும். இரவில் போடுங்கள்; தூக்கமும் வாய் வறட்சியும் வரும்.

ஸ்கேன் படங்களின் சிடியையும் அறிக்கை நகலையும் ஒவ்வொரு இடத்திலும் கேட்டு வாங்கி, அதே நோட்டோடு ஒரே ஃபைலில் போடுங்கள். மருந்து எத்தனை வாரம், கேட்காவிட்டால் அடுத்து என்ன, எந்த அறிகுறி வந்தால் முன்னதாகவே வர வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த தெமுஜன்ஜியின் தேதியை அட்டையில் குறித்து வாங்காமல் கவுன்டரை விட்டு நகராதீர்கள்.